புதிதாக பைக் ஓட்டுபவருக்கு ஒரு மெஷ் ஜாக்கெட்: மதிப்பீடு

வெயில் காலத்துக்கென்று நான் வாங்கிய, காற்று புகும் வலைத்துணியாலான இந்த மெஷ் ரைடிங் ஜாக்கெட், ஐரோப்பாவின் ஈஎன் 17092 தரநிலையில் ‘ஏ’ வகுப்பைச் சேர்ந்தது. ஏஏஏ, ஏஏ, ஏ என்று இறங்கும் வரிசையில் உராய்வைத் தாங்கும் திறன் இதற்குக் குறைவு என்பதால், நகருக்குள் ஓட்டுவோருக்கு இதைப் பரிந்துரைப்பேன். நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்பவர்கள் ஏஏ வகுப்பையாவது தேட வேண்டும்.

அடியைத் தாங்குவதற்காக உள்ளே வைத்திருக்கும் தோள், முழங்கைக் காப்புகளை வெளியே எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஈஎன் 1621-1 (இத்தகைய காப்புகளுக்கான தரநிலை), லெவல் 2 என்ற முத்திரை இருக்கிறது. அதாவது, சோதனை மோதலில் காப்பைக் கடந்து வரும் விசை சராசரியாக 20 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. லெவல் 1-க்கு அந்த வரம்பு 35. இது பெரிய வித்தியாசம். ஆனால் முதுகுப் பகுதியில் வைத்திருப்பது எந்த முத்திரையும் இல்லாத வெறும் ஸ்பாஞ்ச். புதியவர்கள் அதையே முதுகெலும்புக் காப்பு என்று நம்பிவிடுவார்களே என்பதுதான் என் கவலை. முதுகுக் காப்புகளுக்கான ஈஎன் 1621-2 முத்திரையுள்ள ஒன்றைத் தனியாக வாங்கி உடனே மாற்றிவிடுங்கள்.

நின்றபடி போட்டுப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். வண்டியில் அமர்ந்து ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போதும் முழங்கைக் காப்பு மூட்டின் மேலேயே நிற்க வேண்டும், ஏனெனில் விழும் வேளையில் நழுவிவிடும் காப்பால் பயனில்லை. எனக்கு வழக்கத்தைவிட ஓர் அளவு சிறியதே கச்சிதமாக இருந்தது. மேல்கையில் உள்ள பட்டைகளும் நன்றாகப் பிடிக்கின்றன. மழைக்கான உறையை உள்ளே அணிய வேண்டியிருப்பதால், வெளிப்புற மெஷ் நனைந்து கனக்கிறது. ஹெல்மெட்டுக்கும் கையுறைக்கும் ஒதுக்கிய பணத்தைக் குறைத்து இதை வாங்க வேண்டாம்.