சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வு: மாக் டெஸ்ட் தொகுப்புக்குப் பணம் கட்டும் முன்

ஆறாம் வகுப்பு சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு 20 மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு), ஓஎம்ஆர் ஷீட் (வட்டம் நிரப்பும் விடைத்தாள்), விடை விளக்கம், 'ஆல் இந்தியா ரேங்க்' எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். இப்படிச் சொல்லி ஒரு கோச்சிங் சென்டர் விற்ற தொகுப்பை, அமராவதிநகர் சைனிக் பள்ளிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்காக நான்கு குடும்பங்கள் வாங்கினோம். பணம் போனதுகூடப் பெரிதில்லை. தேர்வுக்கு முந்தைய மூன்று மாதமும் பிள்ளைகள் தவறான தாளிலேயே பழகிவிட்டார்கள்.

உண்மையான தேர்வு இப்படி இருக்கும்: 125 கேள்வி, 150 நிமிடம், 300 மதிப்பெண். கணக்கில் 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண். மொழி, அறிவுத்திறன், பொது அறிவு மூன்றிலும் தலா 25 கேள்வி, கேள்விக்கு 2 மதிப்பெண். ஆக மொத்த மதிப்பெண்ணில் சரிபாதி கணக்குக்கே போகிறது. தொகுப்பில் வந்த தாள்களிலோ 100 கேள்வி, 2 மணி நேரம், நான்கு பாடத்துக்கும் தலா 25. வேறு ஏதோ தேர்வுக்குத் தயாரித்த தாளின் தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். 25 கணக்கு போட்டுப் பழகிய பிள்ளைக்கு, 50 கணக்கைப் பார்த்ததும் எங்கே வேகம் பிடிப்பது, எதைத் தாண்டிப் போவது என்று பிடிபடாது.

அதைவிட மோசம், தொகுப்பில் தப்பு விடைக்குக் கால் மதிப்பெண் கழித்தது. உண்மையான தேர்வில் நெகட்டிவ் மார்க் கிடையாது. எந்தக் கேள்வியையும் காலியாக விடவே கூடாது. கணக்கில் பத்துக் கேள்வியைக் குருட்டாம்போக்கில் நிரப்பினால்கூட, நான்கில் ஒன்று சரி என்ற கணக்கில் சராசரியாக ஏழரை மதிப்பெண் வரும். இந்தத் தொகுப்போ, சந்தேகம் வந்தால் விட்டுவிடு என்று பிள்ளைகளைப் பழக்கிவிட்டது. பத்து வயதில் படிந்த பழக்கம் கடைசி வாரத்தில் சொன்னால் மாறாது.

விடைகளிலும் பிழை. '12 பேர் ஒரு வேலையை 15 நாளில் முடித்தால், 20 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்?' என்ற கேள்விக்கு ஆன்சர் கீயில் 25 நாள். ஆள் கூடினால் நாள் குறைய வேண்டாமா? 12 × 15 = 180, அதை 20 ஆல் வகுத்தால் 9 நாள். நேர்விகிதத்தில் போட்டு 25 என்று அச்சடித்திருக்கிறார்கள். சரியாகப் போட்ட பிள்ளை தன் விடையை அழித்துவிட்டு 25 என்று எழுதிக்கொள்கிறது. தமிழ்வழித் தாளில் 'முதன்மை எண்களைக் கண்டுபிடி' என்று ஒரு கேள்வி. பாடநூலில் அது பகா எண். மெஷின் மொழிபெயர்ப்பை யாரும் படித்துப் பார்க்கவே இல்லை.

ஓஎம்ஆர் பயிற்சிதான் மாக் டெஸ்டின் உயிர். பள்ளியில் பென்சிலால் எழுதும் பிள்ளைகள் இங்கே பால்பாயின்ட் பேனாவால் வட்டத்தை நிரப்ப வேண்டும், அழிக்க முடியாது. 37ஆம் கேள்வியை விட்டுவிட்டு, 38இன் விடையை 37ஆம் வரிசையில் நிரப்பினால் அங்கிருந்து எல்லாமே ஒரு வரிசை தள்ளிப் போகும். இதைக் கவனிக்கும்போது மணி நாலேகால் ஆகியிருக்கும், தேர்வு முடியக் கால் மணி நேரம்தான் இருக்கும். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளை மட்டும் நிரப்பு, விட்ட கேள்வி எண்ணைத் தாளில் வட்டமிடு, இடது கை விரலை வரிசை எண்ணில் வை. இதை வீட்டிலேயே நாலைந்து தடவை பழக்கினால் போதும். தொகுப்பில் வந்தது 100 வரிசை கொண்ட மங்கலான பிடிஎஃப்.

'ஆல் இந்தியா ரேங்க்' என்றது அவர்களிடம் பணம் கட்டிய பிள்ளைகளுக்குள் போட்ட ரேங்க். பாடவாரி மதிப்பெண்ணே தரவில்லை. பொதுப்பிரிவில் மொத்தத்தில் 40 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 25 சதவீதமும் வேண்டும். பொது அறிவில் ஆறு கேள்வி சரியென்றால் 12 மதிப்பெண், தேவையோ பன்னிரண்டரை. ஏழாவது கேள்வி தப்பினால், கணக்கில் 132 எடுத்தும் பயனில்லை. இந்த ஓட்டையைக் காட்டத்தானே மாக் டெஸ்ட்!

நல்ல தாள்கள் எட்டுப் பத்து இருந்தால் தாராளம். என்டிஏ (தேசியத் தேர்வு முகமை) நடத்திய முந்தைய தேர்வுத் தாள்களிலிருந்து தொடங்குங்கள். தேர்வு மதியம் 2 மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடிகிறது. சாப்பிட்டதும் தூக்கம் வரும் நேரம். ஞாயிறு மதியம் அதே நேரத்தில், நடுவில் எழவிடாமல் எழுத வையுங்கள். அடுத்த தாளுக்கு முன் தப்புகளைப் பிரித்துப் பாருங்கள்: தெரியாதது, அவசரத்தில் போனது, வட்டம் மாறியது. தெரியாததற்குப் பாடம் நடத்த வேண்டும். மற்ற இரண்டுக்கும் இன்னொரு தாள்தான் மருந்து. ஒரு தாளை எழுதிய மறுநாளே அடுத்த தாளைக் கொடுப்பது வீண்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் ஒரு முழுத் தாளையும் அதன் ஆன்சர் கீயையும் கேளுங்கள். 125, 150, 300 மூன்றும் பொருந்துகிறதா பாருங்கள். கணக்கில் பத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். நாங்கள் ரீஃபண்ட் கேட்டபோது 'டிஜிட்டல் பொருளுக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை' என்ற ஒரே பதில். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, தவறான தாள்கள் மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறோம். அதே தொகுப்பை வாங்கியவர்கள் உங்கள் ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள். கோச்சிங் சென்டரிடம் எதைக் கேட்பதானாலும் போனில் பேசாமல் எழுத்தில் கேளுங்கள்.