ஷார்ஜாவா சிங்கப்பூரா: பள்ளி லீவை வைத்து ஒரு கணக்கு

தம்பிக்கு ஒரே மாதத்தில் இரண்டு இடத்திலிருந்து வேலை வந்திருக்கிறது. ஒன்று துபாய், இன்னொன்று சிங்கப்பூர். கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறி மன்னார்குடி வந்து, என் மாமியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, நீ ரெண்டு ஊர்லயும் குப்பை கொட்டியிருக்க. எங்க போகலாம், சொல்லு" என்றான். அவனுக்கு நாலு வயதில் ஒரு பிள்ளை. தனியாகப் போகிற எண்ணம் இல்லை, மூன்று பேருமாகத்தான் போவார்கள். அதனால் இது வேலையைப் பற்றிய ஒப்பீடு இல்லை, அங்கே குடித்தனம் நடத்துவதைப் பற்றியது.

நாங்கள் 2012 முதல் 2017 வரை ஷார்ஜாவில் இருந்தோம், அதே அமீரகத்தில் துபாய்க்கு அடுத்த ஊர். 2018 ஜனவரியில் சிங்கப்பூர் போனோம், இன்னும் அங்கேதான். மகள் முதல் இரண்டு வகுப்பை ஷார்ஜாவில் படித்தாள், மற்றதெல்லாம் சிங்கப்பூரில். மகன் பள்ளி என்று பார்த்தது சிங்கப்பூரை மட்டும்தான். என் ஓட்டு சிங்கப்பூருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யார் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியும் என்பது முதல் வாசல்படி. சிங்கப்பூரில் மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது (சிங்கப்பூர் டாலர்) இருந்தால்தான் மனைவி, பிள்ளை கூடத் தங்குவதற்கான டிபெண்டன்ட் பாஸ் கேட்கவே முடியும். குறைந்த சம்பள வேலைக்கான ஒர்க் பெர்மிட்டில் போகிறவர்களுக்கு அந்தப் பேச்சே கிடையாது. எங்கள் தெருவிலிருந்து சிங்கப்பூர் போனவர்களில் பாதிப் பேருக்கு மேல் அந்தக் கணக்குதான், அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் இங்கே தாத்தா பாட்டியிடம் வளர்கின்றன. அமீரகத்தில் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் வீடும் இருந்தால் போதும். இந்த வாசல்படி அங்கே தாழ்வு என்பதில் சந்தேகமே இல்லை. தம்பிக்கு இரண்டுமே எட்டுகிறது, அதனால் மேலே போகலாம்.

பணத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அமீரகத்தில் சம்பளத்துக்கு வரி இல்லை, வேலையை விடும்போது கிராஜுவிட்டி வரும். சிங்கப்பூரில் வரி உண்டு, ஆனால் நம்மூர் அளவுக்கு இல்லை. வாடகை இரண்டு இடத்திலும் முழி பிதுங்க வைக்கும். ஷார்ஜாவில் வருஷ வாடகைக்கு முன்தேதி போட்ட செக்குகளாகக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு செக் போகிற மாதமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சிங்கப்பூரில் மாதாமாதம் போகிறது, வலி சின்னச் சின்னதாக வருகிறது. முருங்கைக்கீரை, வாழைப்பூ, நல்ல இட்லி அரிசி எல்லாம் ஷார்ஜா ரோலாவிலும் கிடைக்கும், சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டிலும் கிடைக்கும். வெயிலைப் பற்றிக் கேட்டால், ஷார்ஜாவில் மே முதல் செப்டம்பர் வரை பிள்ளைகளை வெளியே விளையாட விட முடியாது. சிங்கப்பூரில் வருஷம் முழுக்க நம் புரட்டாசிப் புழுக்கம்.

ஊருக்குப் போன் பேசுவது இரண்டிலும் ஒரே மாதிரி என்று நினைத்தால் தப்பு. அமீரகம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். ஷார்ஜாவில் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே எட்டரை, மாமா, அதாவது என் மாமனார், சாப்பிட்டுவிட்டு ஈசிச்சேரில் சாய்ந்திருப்பார், பேத்தியோடு பேச நேரம் சரியாக இருக்கும். சிங்கப்பூரில் அதே எட்டரைக்கு மணி பதினொன்று. காலை ஏழரைக்குள் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டிய பிள்ளைகள் அப்போது முதல் தூக்கத்தில் இருக்கும். ஆனால் அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது, செய்தி மட்டும்தான் போகும். பாட்டிம் மாதிரி வேறொரு செயலி வேண்டும், அப்படி ஒன்றை மாமாவின் போனில் இறக்கிப் பழக்கியது ஒரு தனிக் கதை. பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் இடம் மாறிப்போய், நான்கு நாள் எங்கள் அழைப்பை எல்லாம் அவரே வெட்டிவிட்டு, "புள்ள கூப்பிடவே இல்ல" என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் சில்லறைதான். என்னைப் பொறுத்தவரை பள்ளிக்கூடம் எப்போது லீவு விடுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. யாரும் இதைக் கேட்பதில்லை. சம்பளத்தைக் கேட்பார்கள், பீஸைக் கேட்பார்கள், டிக்கெட் விலையைக் கேட்பார்கள். எந்த மாதம் ஊருக்கு வர முடியும் என்று போகிற அன்றைக்கு யோசிக்கிறவர்கள் குறைவு. நாங்களும் யோசிக்கவில்லை.

ஷார்ஜாவில் மகள் படித்தது சிபிஎஸ்இ பள்ளி. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், பெரிய லீவு ஜூலை, ஆகஸ்ட். டிசம்பரில் இரண்டு மூன்று வாரம் உண்டு, ஆனால் அந்த நேரத்து டிக்கெட் விலையில் நாங்கள் ஐந்து வருஷத்தில் ஒரே முறைதான் வந்தோம். ஆக, ஊர் என்றால் ஜூலை, ஆகஸ்ட்தான். அதில் பாதி ஆடி. ஆடியில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, பெண் பார்க்கக்கூட வரமாட்டார்கள். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும்போது நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்போம். மாம்பழம் முடிந்திருக்கும். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் எல்லாம் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போய்விட்டு, டியூஷனும் முடித்து ஏழு மணிக்கு வந்து படுத்துவிடுவார்கள். என் மகள் நாள் முழுக்கத் திண்ணையில் பூனையோடு பேசிக்கொண்டிருப்பாள். வளைகுடாவில் இருக்கிற நம் ஆட்கள் அத்தனை பேரும் அதே ஜூலை முதல் வாரத்தில்தான் கிளம்புவார்கள், ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரம் பறக்க அப்போது கேட்கிற விலையில் வேறொரு மாதம் இரண்டு முறை போய்வரலாம்.

இரண்டு மாத லீவு என்றால் என் கணவருக்கும் இரண்டு மாதமா? அவருக்கு மூன்று வாரம். மிச்ச நாள் அவர் அங்கே தனியாகக் குப்பூஸும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நானும் மகளும் மாமியார் வீட்டில் ஒரு மாதம், அம்மா வீட்டில் ஒரு மாதம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்கள் அத்தை தங்கமானவர், ஆனாலும் நாற்பதாவது நாள் அவர் முகத்தில் களைப்பு தெரியும், எனக்கும் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

ஆனால் லீவு நீளமா குட்டையா என்பதுகூட இல்லை, இரண்டு லீவுக்கு நடுவில் எத்தனை மாதம் என்பதுதான் என் கணக்கு. ஷார்ஜாவில் பத்து மாதம். 2015 ஆகஸ்ட் கடைசியில் கிளம்பும்போது மாமா சைக்கிளில் பஸ் ஸ்டாண்ட் வரை வந்து வழியனுப்பினார். அடுத்த ஜூலையில் வந்தபோது வாசலில் நின்றவருக்குச் சட்டை கழுத்தெலும்பில் தொங்கியது. சர்க்கரை ஏறிப்போய், கால் கட்டைவிரலில் புண் ஆறாமல், பதினோரு கிலோ இறங்கியிருந்தார். அந்தப் பத்து மாதமும் வாரம் மூன்று முறை போனில் பேசியிருக்கிறோம். அவர் முகத்தை மட்டும் காட்டியிருக்கிறார். "நல்லா இருக்கேம்மா, மழை இல்ல, அவ்ளோதான்" என்பார். அத்தையும் வாயைத் திறக்கவில்லை. அந்த லீவு முழுக்கத் தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் டாக்டரைப் பார்க்க அலைந்தோம். அப்போதுதான் சிங்கப்பூருக்கு முயற்சி செய்யலாம் என்று என் கணவர் முதல்முறை சொன்னார்.

சிங்கப்பூர் அரசுப் பள்ளிகளில் வருஷம் ஜனவரியில் தொடங்கி நவம்பர் நடுவில் முடிகிறது. ஜூனில் நாலு வாரம் லீவு, வருஷக் கடைசியில் ஆறு வாரம், நடுவில் மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். ஆக எங்களுக்கு இடைவெளி ஐந்து மாதத்தைத் தாண்டுவதில்லை. ஐந்து மாதத்தில் ஒருவர் பதினோரு கிலோ இறங்கினால் அதுவும் பெரிய விஷயம்தான், ஆனால் பாதி வழியில் பார்த்துவிடுவோம். ஜூன் என்றால் வைகாசிக் கடைசியும் ஆனியும், முகூர்த்தம் கொட்டிக்கிடக்கும். கடைசி மாம்பழம் இருக்கும், பலாப்பழம் இருக்கும். நம்மூர்ப் பள்ளிகள் திறப்பதற்கு முந்தின சில நாளாவது பிள்ளைகள் ஒன்றாக ஆடும். மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் தண்ணீரும் பார்க்கலாம். 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். நாங்கள் வந்து இறங்கிய வாரம் பாமணியாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தோம்: வெடித்துக் கிடந்த ஆற்றில் முதலில் ஒரு நாக்கு மாதிரி நுரையும் சருகும், அதன் முனையில் ஒரு செருப்பு, இரண்டு பிளாஸ்டிக் பாட்டில், அதன் பின்னால் தண்ணீர். மகன் பாலத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடி அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். 2019-ல் இதே ஜூனில் ஆறு காய்ந்துதான் கிடந்தது, ஆகஸ்டில்தான் திறந்தார்கள். அப்போது அதில் கிரிக்கெட்.

வருஷக் கடைசி லீவு கொஞ்சம் கஷ்டம். மழை, சேறு, துணி காயாது, பிள்ளைகளுக்கு ஒரு முறையாவது காய்ச்சல் வரும். கார்த்திகை வரை கல்யாணம் உண்டு, பிறகு மார்கழி வந்துவிடும். ஜனவரி முதல் வாரம் பள்ளி திறப்பதால் பொங்கல் போச்சு. ஏழு வருஷமாக எங்கள் பொங்கல் அடுக்குமாடி வீட்டு எலக்ட்ரிக் அடுப்பில்தான், மாட்டைப் பார்க்க லிட்டில் இந்தியா போக வேண்டும்.

ஆனால் 2018 நவம்பரை நான் மறக்கமாட்டேன். 16-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்குக் கடைசி நாள். அன்று விடியற்காலைதான் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. இரண்டு நாள் யாருக்கும் போன் போகவில்லை. திங்கட்கிழமைக்கென்று ஏற்கெனவே போட்டு வைத்திருந்த டிக்கெட், அதில் வந்து இறங்கினோம். தஞ்சாவூர் தாண்டியதும் மின்கம்பங்கள் முழங்கால் மடக்கின மாதிரி வரிசையாகக் கிடந்தன. கொல்லையில் பதினான்கு தென்னையில் மூன்று நின்றன. மாமா விழுந்த மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார், எங்களைப் பார்த்ததும் எழுந்து, "எளநி வேணுமா, இன்னிக்கு ஏறவே வேண்டாம், குனிஞ்சா போதும்" என்றார். கரண்ட் வர இருபது நாள் ஆனது. அடிபம்பில் தண்ணீர் அடித்து, நானும் பிள்ளைகளும் ஆறு வாரம் கூட இருந்தோம். கணவர் பத்து நாளில் திரும்பிவிட்டார். ஷார்ஜாவில் இருந்திருந்தால் நவம்பரில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்துகொண்டிருக்கும், பணம் அனுப்பிவிட்டு டிவி பார்த்திருப்போம்.

ஷார்ஜா பக்கமும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். ஆடிப் பதினெட்டு. ஐந்து வருஷமும் மகள் கும்பகோணத்தில் என் அம்மாவோடு படித்துறைக்குப் போய், புளிசாதமும் தேங்காய்சாதமும் சாப்பிட்டு, சின்னச் சப்பரம் இழுத்தாள். அந்த வருஷங்களில் ஒன்றில்கூட மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஆற்றில் தண்ணீரும் பெரும்பாலும் இல்லை, குழாயைத் திருப்பிவிட்டுக் கும்பிட்டதும் உண்டு. அவளுக்கு அது குறையாகவே தெரியவில்லை. சிங்கப்பூர் போனபின் ஆறு நிறையத் தண்ணீரோடு ஆடிப் பதினெட்டுகள் வந்தன, நாங்கள்தான் இல்லை. மகன் சப்பரம் இழுத்ததே கிடையாது.

2020-ம் 2021-ம் எந்த அட்டவணைக்கும் கட்டுப்படவில்லை, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2021 டிசம்பரில்தான் சென்னை வழியாக வந்து சேர்ந்தோம்.

சிங்கப்பூரில் வருகிற தொல்லைகளையும் தம்பியிடம் மறைக்கவில்லை. அரசுப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைக்கு இடம் உறுதி கிடையாது. முதல் வகுப்பென்றால் உள்ளூர்ப் பிள்ளைகள் போக மீதி, இடையில் சேர்வதென்றால் ஏஇஐஎஸ் என்று ஒரு தேர்வு. மகள் அதை எழுதிவிட்டு முடிவு வரும்வரை நாங்கள் ஷார்ஜா வீட்டைக் காலி செய்வதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். பீஸும் வெளிநாட்டவருக்குத் தனி, வருஷா வருஷம் ஏறும். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளும் அங்கே உண்டு, அவற்றின் லீவு அட்டவணை வேறு, சேர்ப்பதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட வேண்டும். ஆண் பிள்ளையைப் பெற்றோர் வழியில் நிரந்தரவாசி ஆக்கினால் பதினெட்டு வயதில் இரண்டு வருஷம் தேசிய சேவை உண்டு. தம்பிக்கு இருப்பது ஆண் பிள்ளை. நாங்கள் அந்த விண்ணப்பமே போடவில்லை, எங்கள் மகன் பெரியவனானதும் என்ன ஆகும் என்பது எங்களுக்கே இன்னும் திறக்காத அத்தியாயம். மேல்வகுப்பு, கல்லூரி பற்றியும் என்னிடம் கேட்காதே என்று சொல்லிவிட்டேன், மகள் இன்னும் அங்கே வரவில்லை.

தமிழ் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஷார்ஜாவில் மகளுக்கு அரபியும் இந்தியும் இருந்தன, தமிழ் வீட்டில்தான். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, பள்ளியில் தாய்மொழிப் பாடம், ஆறாம் வகுப்புப் பொதுத் தேர்விலும் அது உண்டு. நேற்று மகன் மாமாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டினான், 'குறுவை சாகுபடி' என்பதைக் 'குருவி சாகுபடி' என்று. குருவியை எப்படிச் சாகுபடி செய்வார்கள் என்று அவனே கேட்டான்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப சிங்கப்பூர்தான்கிற" என்றான். அவன் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் திருவையாறு. கிளம்பும்போது என்னிடம் தனியாக, "அண்ணி, ஆடிப் பதினெட்டுக்கு ஒரு நாலு நாள் லீவு போட்டா ஸ்கூல்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்கல்ல?" என்று கேட்டாள்.

சொல்வார்கள் என்றேன்.