69 யூரோவுக்கு விற்ற ‘கிரான் க்ரூ’: அன்பளிப்புக்கு வைன் வாங்குவோர் கவனத்திற்கு

பாரிஸில் வீட்டு உரிமையாளருக்கோ வேலையிடத்து மேலாளருக்கோ கொடுப்பதற்கென்று வைன் வாங்கும் நம்மவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குக் குடிக்கும் பழக்கமே இல்லை. கடைக்காரர் சொல்வதை நம்பித்தான் வாங்குகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் தெருக்களில் உள்ள சில கடைகள் இந்த நம்பிக்கையைக் காசாக்குகின்றன. அப்படிப்பட்ட ஒரு கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

என் மேற்பார்வையாளர் ஓய்வுபெற்றார். பெர்ஜராக் பக்கத்து மனிதர்; திராட்சை பயிரிட்ட குடும்பம். பொர்தோ பகுதியின் நல்ல வைன் வேண்டும், 70 யூரோ வரை கொடுக்கலாம் என்று கடையில் சொன்னேன். விற்பனையாளர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாசல் கண்ணாடிக்குள் விளக்கின் கீழ் நிமிர்த்தி வைத்திருந்த ஒரு போத்தலை எடுத்தார். பொர்தோ பகுதியில் உள்ள செந்த் எமிலியோன் ஊரின் வைன். லேபிளில் ‘கிரான் க்ரூ’ என்ற எழுத்தின் மேல் விரலை வைத்து, “பொர்தோவில் இதற்கு மேல் தரமே கிடையாது. 2013ஆம் ஆண்டு, நன்றாக முதிர்ந்தது” என்றார். நான் கையில் வாங்கிப் பார்ப்பதற்குள் பரிசுப் பையில் போட்டு ரிப்பனும் கட்டிவிட்டார். விலை 69 யூரோ.

பிரியாவிடை விருந்தில் எல்லோர் முன்னிலையிலும் போத்தலைத் திறந்தார்கள். திருகியைச் செருகியதுமே தக்கை பொடிந்தது; மீதித் துண்டு இழுக்காமலே வந்துவிட்டது. அதன் அடிப்பக்கம் ஈரமே படாமல் சுருங்கிக் கிடந்தது. ஊற்றிய வைன் மங்கிய பழுப்பு நிறம். வெட்டி வைத்துக் கறுத்துப்போன ஆப்பிளின் வாடை. விருந்துக்குரியவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, கிண்ணத்தை ஓரமாக வைத்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பிறகு அவரே போத்தலை வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். படுக்க வைத்தால் தக்கை வைனில் நனைந்தபடி இருக்கும். மாதக்கணக்கில் நிமிர்த்தி, சூடான விளக்கின் கீழ் வைத்தால் அது உலர்ந்து சுருங்கும். காற்று உள்ளே நுழையும். கழுத்தளவு நிற்க வேண்டிய வைன் தோள்பகுதிக்குக் கீழே இறங்கியிருந்தது. விலை உயர்ந்த போத்தலைக் காட்சிக்கு வைத்திருக்கும் கடையில், “உள்ளே படுக்க வைத்திருப்பதிலிருந்து ஒன்று கொடுங்கள்” என்று கேளுங்கள். இல்லை என்றால் வாங்காதீர்கள்.

வைன் கெட்டது ஒரு பக்கம். சொல்லி விற்ற பொய்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிரான்சின் இன்னொரு வைன் பகுதியான பர்கண்டியில் ‘கிரான் க்ரூ’ என்றால் உச்சத் தரம்தான். 33 இடங்களுக்கே அந்தப் பெயர் உண்டு. செந்த் எமிலியோனில் கதை வேறு. விளைச்சல் அளவு, முதிர வைக்கும் காலம் போன்ற சில கூடுதல் விதிகளை நிறைவேற்றினால் அந்த ஊரின் எந்தத் தோட்டமும் ‘செந்த் எமிலியோன் கிரான் க்ரூ’ என்று போட்டுக்கொள்ளலாம். 20 யூரோ சுமாருக்குப் பேரங்காடியில்கூடக் கிடைக்கும். தேர்வாகித் தரவரிசையில் ஏறிய தோட்டங்களின் லேபிளில் ‘கிளாஸே’ என்ற சொல்லும் சேர்ந்து வரும். 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் அப்படி 85 தோட்டங்கள்தான் இருந்தன. எனக்கு விற்ற போத்தலில் அந்தச் சொல் இல்லை. 69 யூரோவுக்கு உண்மையான ‘கிளாஸே’ வைனே வாங்கியிருக்கலாம்.

2013 என்பதும் பெருமைக்குரிய ஆண்டல்ல. வசந்தம் முழுவதும் குளிரும் மழையும். பூ சரியாகப் பிடிக்கவில்லை. அறுவடைக்கு முன்பே பழம் அழுகத் தொடங்கியது. பொர்தோவின் அண்மைக்கால ஆண்டுகளில் மிக மோசமானவற்றுள் ஒன்று. பெரும்பாலானவை சீக்கிரம் குடித்துவிட வேண்டியவை. பழையதெல்லாம் சிறந்தது என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். ‘கிரான் வேன் து பொர்தோ’ என்ற பொன்னெழுத்தும் தரச் சான்று அல்ல. மலிவான போத்தல்களிலும் அது இருக்கும்.

பற்றுச்சீட்டோடும் மீதி வைனோடும் கடைக்குப் போனேன். “திறந்த போத்தலைத் திரும்ப எடுப்பதில்லை” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திறக்காமல் உள்ளே கெட்டிருப்பதை யார் கண்டுபிடிப்பது? என் வீட்டருகே உள்ள சிறிய வைன் கடைக்காரர், தக்கையால் வைனில் பூஞ்சை வாடை அடித்தால் போத்தலைக் கொண்டுவரச் சொல்லி மாற்றித் தருகிறார். என்ன சமைக்கிறீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டு, 20 யூரோவுக்குள் மொர்கோன், ஷினோன், கவோர் போன்ற ஊர்களின் வைனை எடுத்துத் தருபவர் அவர். நல்ல கடைக்கு அதுவே அடையாளம்.

அரசின் ‘சின்யால் கொன்ஸோ’ இணையதளத்தில் முறைப்பாடு எழுதிவிட்டேன். பணம் இன்னும் வரவில்லை. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் வைனைக் கொட்டிவிடாதீர்கள். தக்கை, பற்றுச்சீட்டு, போத்தலின் படம், விற்பனையாளர் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் அன்றே எடுத்து வையுங்கள்.