ஐசிடி-10-சிஎம் பிரிண்ட் புக்: செல்லுலைட்டிஸ் சார்ட் பாக்குறவங்க கட்டாயம் கைல வெச்சுக்கணும்

நாலு வருஷமா சென்னைல உக்காந்து அமெரிக்க எமர்ஜென்சி சார்ட் கோட் பண்றேன், அதாவது டாக்டர் எழுதின குறிப்பைப் படிச்சு, ஐசிடி-10-சிஎம்ங்கற அமெரிக்க நோய்க் கோட் பட்டியல்லேர்ந்து அந்த நோய்க்கான கோடைப் போடுற வேலை. ஆபீஸ்ல சாஃப்ட்வேர் இருக்கு, நோயோட பேரை டைப் பண்ணா கோட் வந்து நிக்கும், அதனால சிபிசிங்கற கோடர் சான்றிதழ் பரீட்சை பாஸ் பண்ணின கையோட அந்தப் பட்டியல் புக்கைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன், அப்புறம் திரும்பியே பாக்கல. போன வருஷம் நாம போட்ட கோடைச் சரிபாக்குற ஒரு ஆடிட்ல மார்க் போன பிறகுதான் சொந்தக் காசுல புது எடிஷன் வாங்கினேன். ஒரு வருஷம் தினமும் பொரட்டிட்டு இதை எழுதுறேன்.

மார்க் போன அந்த சார்ட்டை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாத்திச் சொல்றேன். தோட்ட வேலை பாக்கும்போது வலது கைல ஒரு கீறல், மூணு நாள்ல அந்தக் கீறல்லேர்ந்து முழங்கை வரைக்கும் செவப்பா கோடு ஏறியிருக்கு, காய்ச்சல் வேற. டாக்டர் டயக்னோஸிஸ்ல லிம்ஃபாஞ்சைட்டிஸ் (நிணநீர்க் குழாய் அழற்சி), வலது முன்கைன்னு மட்டும் எழுதியிருந்தாரு. நான் டைப் பண்ணேன், சாஃப்ட்வேர்ல மொத வரியா எல்03.123 வந்துச்சு, அதாவது வலது கையோட அக்யூட் (திடீர்னு வந்த) லிம்ஃபாஞ்சைட்டிஸ், சரின்னு போட்டு அனுப்பிட்டேன். ஆடிட்ல தப்புன்னு திரும்பி வந்துச்சு. ஏன்னா அக்யூட்ங்கற வார்த்தை சார்ட்ல எங்கயுமே இல்ல. மூணு நாள்ல வந்தது அக்யூட்டா இல்லாம வேற என்னன்னு நமக்குத் தோணும்தான், ஆனா அதைச் சொல்ல வேண்டியது டாக்டர், கோடர் இல்ல. அந்த ஒரு வார்த்தை இல்லன்னா, நோய்ப் பேரெல்லாம் அகரவரிசைல இருக்கிற இண்டெக்ஸ் நேரா ஐ89.1க்கு போயிடுது, அது தோல் சாப்டர்லயே கிடையாது, ரத்த ஓட்டச் சாப்டர்! சந்தேகம்னா விளக்கம் கேட்டு டாக்டருக்கு க்வெரி அனுப்பியிருக்கணும், நான் அனுப்பல.

புக்ல இது கண்ணு முன்னாடியே இருக்கு. இண்டெக்ஸ்ல லிம்ஃபாஞ்சைட்டிஸ்னு தடிச்ச எழுத்துல இருக்கும், பக்கத்துலயே ஐ89.1, அதுக்குக் கீழ உள்ள தள்ளி அக்யூட், அதுக்கும் உள்ள ஒவ்வொரு இடமா வரிசையா. நடுவுல இன்னொரு வரியும் இருக்கு: கூடவே செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில பரவுற கிருமித் தொற்று) இருந்தா, செல்லுலைட்டிஸ் தலைப்புல இடத்தைப் பாத்து கோட் போடுன்னு. எங்க டீம்ல பாதிப் பேரு ரெண்டு கோடையும் சேத்துப் போட்டுட்டு இருந்தாங்க, அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து க்ரூப்ல போட்ட பிறகுதான் நின்னுச்சு. தேடுற பெட்டில தேடினது மட்டும்தான் வரும், பக்கத்து வரி வராது. இந்தப் புக்கோட மொத்த மதிப்பும் எனக்கு அந்தப் பக்கத்து வரிலதான் இருக்கு.

செல்லுலைட்டிஸும் அக்யூட் லிம்ஃபாஞ்சைட்டிஸும் இருக்கிற எல்03 பக்கத்தைத் திறந்தாலும் அப்படித்தான். மேல எக்ஸ்க்ளூட்ஸ்2ன்னு, அதாவது இந்தத் தலைப்புல சேராததுன்னு பெரிய பட்டியல், கண் இமைல வந்தா எச்00.0, மூக்குல வந்தா ஜே34.0, வாய்ல வந்தா கே12.2ன்னு ஒவ்வொண்ணையும் வேற சாப்டருக்கு அனுப்பும். பழைய ஐசிடி-9ல செல்லுலைட்டிஸும் சீழ்க்கட்டியும் 682ன்னு ஒரே கூடைல கிடந்துச்சு, 2015 அக்டோபர் 1ல ஐசிடி-10 வந்தப்போ கட்டி எல்02, செல்லுலைட்டிஸ் எல்03ன்னு பிரிச்சுட்டாங்க. இதுல பாதம் ரொம்பக் கொழப்பும். பாதத்துல கட்டின்னா எல்02.61ன்னு தனி இடம் இருக்கு, பாதத்துல செல்லுலைட்டிஸ்னா தனியா இல்ல, காலோட சேந்து வலதுக்கு எல்03.115, இடதுக்கு எல்03.116, ஆனா கால் விரல்னா மட்டும் மறுபடி தனி, வலது விரலுக்கு எல்03.031. இந்தத் தோல் தொற்று கோடெல்லாம் வர்ற பிளாக் ஆரம்பத்துலயே, கிருமி தெரிஞ்சா பி95லேர்ந்து பி97 வரைக்கும் கூடுதலா போடுன்னு குறிப்பு இருக்கு, கிருமியை வளத்துப் பாக்குற கல்ச்சர்ல எம்ஆர்எஸ்ஏன்னு (மருந்துக்கு அடங்காத ஒரு பாக்டீரியா) வந்தும் பி95.62 விட்டுப்போன சார்ட் எத்தனையோ பாத்திருக்கேன்.

அடுத்த தலைப்பு எல்04, அக்யூட் லிம்ஃபடினைட்டிஸ். கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டிருக்குன்னு ஆயா சொல்லுவாங்களே, அந்த நெறிதான் இது. டாக்டர் அக்யூட்னு எழுதியிருந்தா, நெறின்னா எல்04, அதுக்குப் போற குழாய்ல அழற்சி வந்து செவந்து கோடு ஓடினா எல்03. ரெண்டு வருஷம் மனப்பாடமா வெச்சிருந்த வித்தியாசம், ரெண்டு தலைப்பையும் ஒரே விரிப்புல பாத்தப்போதான் நெஜமா புரிஞ்சுது.

கொறையும் சொல்லிடறேன். பேப்பர் ரொம்ப மெலிசு, ஹைலைட்டர் போட்டா மறுபக்கம் தெரியுது, கலர் பென்சில்தான் சரி. கனம் ஜாஸ்தி, பஸ்ல தூக்கிட்டுப் போக முடியாது. நான் ஆர்டர் பண்ணின கடை மொதல்ல முந்தின வருஷ எடிஷனை அனுப்பிட்டாங்க, பத்து நாள் அலைஞ்சு மாத்தினேன், அட்டைல இருக்கிற வருஷத்தைப் பாக்காம டெலிவரி வாங்காதீங்க. கோட் ஒவ்வொரு அக்டோபர் 1லயும் மாறுது, நடுவுல ஏப்ரல் 1லயும் சேப்பாங்க, அது அச்சுல இருக்காது, அமெரிக்க அரசோட சுகாதார அமைப்பான சிடிசி சைட்ல ஃப்ரீயா கிடைக்கிற ஃபைல்ல பாத்து பென்சில்ல எழுதிக்கணும்.

பரீட்சைக்குப் படிக்கிற பசங்களுக்கு யோசனையே வேணாம், சிபிசி ஓபன் புக், 100 கேள்வி, 4 மணி நேரம், விரல் தானா பக்கத்துக்குப் போற அளவுக்குப் பழகியிருந்தாதான் முடியும். வேலைல இருக்கிறவங்களுக்கு விலை கூடன்னு தோணலாம், டீம்ல நாலு பேரு சேந்து ஒண்ணு வாங்குங்க. அஞ்சுக்கு நாலரை. அரை மார்க் கொறைச்சது அந்தப் பேப்பருக்காக.