வங்கிக் கணக்கு இல்லாத காலத்தில் ப்ரீபெய்டு கார்டுகள்: சில வருட அனுபவம்

அமெரிக்காவில் வங்கிக் கணக்கும் கிரெடிட் ஸ்கோரும் (கடன் வரலாற்றை வைத்துத் தரும் மதிப்பெண்) இல்லாத ஒருவர் எந்த ப்ரீபெய்டு கார்டு, அதாவது முன்கூட்டியே பணம் ஏற்றிச் செலவழிக்கும் கார்டு, வாங்கலாம் என்று கேட்டால், மாதக் கட்டணம் இல்லாததாகப் பார்த்து வாங்கு என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். சில வருடங்கள் இந்தக் கார்டுகளை வைத்தே வாடகை, போன் பில், மளிகை எல்லாம் சமாளித்தவன் என்ற முறையில், நான் வேறொரு கேள்வியைத்தான் முதலில் கேட்பேன். உங்கள் கைக்குப் பணம் எப்படி வருகிறது? ரொக்கமாகவா, செக்காகவா, சம்பளம் நேராகக் கணக்கில் விழும் டைரக்ட் டெபாசிட்டாகவா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதிக் கார்டுகள் தானாகவே விலகிவிடும்.

நான் இருந்தது நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த வீடு. வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர் இல்லை, கரண்ட் பில்லிலும் இல்லை. முகவரிச் சான்று கேட்ட இடத்திலெல்லாம் கணக்குத் திறப்பது தள்ளிப்போனது. வாரச் சம்பளம் செக்காக வரும், அதைக் கடையில் மாற்றினால் கையில் ரொக்கம். முதலில் வாங்கிய கார்டுக்கு மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் கடை கவுன்டரில் ரொக்கம் ஏற்றும் ஒவ்வொரு முறையும் 5.95 டாலர் பிடித்தார்கள். வாரம் ஒருமுறை ஏற்றினால் மாதத்துக்கு ஏறக்குறைய 24 டாலர். செக் மாற்றுவதற்கான கட்டணம் இதில் சேராது. மாதக் கட்டணம் இல்லாத அந்தக் கார்டுதான் நான் வைத்திருந்ததிலேயே செலவு அதிகமான கார்டு.

பிறகு வேலை இடத்தில் டைரக்ட் டெபாசிட் வந்தது. இந்த வசதி பலருக்குத் தெரியாமலே இருக்கிறது: பெரும்பாலான ரீலோடபிள் (மீண்டும் மீண்டும் பணம் ஏற்றக்கூடிய) கார்டுகளுக்குப் பின்னால், வங்கியைக் குறிக்கும் ஒரு ரவுட்டிங் நம்பரும் அக்கவுன்ட் நம்பரும் உண்டு. செயலியில் பார்க்கலாம். சம்பளப் படிவத்தில் அதை எழுதிக் கொடுத்தால் சம்பளம் நேராகக் கார்டில் விழும், ஏற்றுக் கட்டணம் இல்லை. நான் இரண்டாவதாக மாறிய கார்டுக்கு மாதம் எட்டு டாலர் போலக் கட்டணம் இருந்தது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் டைரக்ட் டெபாசிட் வந்தால் அதையும் தள்ளுபடி செய்தார்கள். காகிதத்தில் விலை கூடிய கார்டு, நடப்பில் கிட்டத்தட்ட இலவசமாக ஓடியது.

இன்னொரு வகை, ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் ஒரு கட்டணம் பிடிப்பது. மாதத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் பில் கட்ட மட்டும் கார்டு தேவைப்படுபவருக்கு இது சரி. தினமும் காபிக்கும் பஸ்ஸுக்கும் தேய்ப்பவர் இதைத் தொடவே வேண்டாம்.

கார்டுகளின் கட்டணங்களை ஒப்பிடுவது முன்பு உண்மையிலேயே கொடுமையாக இருந்திருக்கிறது. 2010-ல் தொலைக்காட்சிப் பிரபலங்களான கர்தாஷியன் சகோதரிகள் பெயரில் வந்த ஒரு கார்டைக் கட்டணங்கள் குறித்த எதிர்ப்பு எழுந்ததும் சில வாரங்களிலேயே திரும்பப் பெற்றார்கள். இப்போது நிலைமை பரவாயில்லை. அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2019 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தபின், கார்டு விற்கும் உறையிலேயே ஒரு கட்டணப் பெட்டி இருக்க வேண்டும். மேல் வரிசையில் நான்கு எண்கள்: மாதக் கட்டணம், ஒவ்வொரு வாங்கலுக்குமான கட்டணம், ஏடிஎம்மில் பணம் எடுக்க, ரொக்கம் ஏற்ற. அதன் கீழே ஏடிஎம்மில் பேலன்ஸ் பார்க்க, கஸ்டமர் கேரை அழைக்க, கார்டைப் பயன்படுத்தாமல் விட்டால் எவ்வளவு என்று இருக்கும். எல்லாக் கார்டுக்கும் ஒரே அமைப்பு என்பதால் கடையில் நின்றபடியே இரண்டு உறைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்தக் கட்டணம் சில சூழல்களில் குறையும் என்று பொருள். டைரக்ட் டெபாசிட் தள்ளுபடி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ரொக்கம் எடுக்க நான் ஏடிஎம் பக்கம் அதிகம் போகவில்லை. மளிகை வாங்கும்போது டெபிட் என்று தேர்ந்தெடுத்து பின் நம்பர் போட்டு, கேஷ் பேக் கேட்டால் பல கடைகளில் கட்டணமே இல்லாமல் 20, 40 டாலர் கையில் கொடுப்பார்கள். நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள ஏடிஎம்மில் கார்டுக்காரர் ஒருபக்கம், மெஷின்காரர் ஒருபக்கம் என்று இரண்டு கட்டணம் விழும்.

கையில் பணம் குறைவாக இருப்பவரை உண்மையில் படுத்துவது ஹோல்டு. கேஸ் ஸ்டேஷன் (பெட்ரோல் பங்க்) பம்ப்பில் கார்டைச் செருகினால், நீங்கள் 20 டாலருக்குப் போட்டாலும் 100 டாலரோ அதற்கு மேலோ தற்காலிகமாகப் பிடித்து வைக்கலாம். கார்டில் இருப்பதே 100 என்றால் மீதி நாளில் ஒரு ரொட்டி கூட வாங்க முடியாது. உள்ளே போய் காஷியரிடம் இத்தனை டாலருக்கு என்று முன்கூட்டியே சொல்லிக் கார்டைக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஹோட்டல்களும் இதே மாதிரி ஹோல்டு போடும். வாடகைக் கார் எடுக்கும் இடங்களில் பல, ப்ரீபெய்டு கார்டை வாங்கவே மாட்டார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் செயலிகளில் ஒன்று என் கார்டை ஏற்கவில்லை, இன்னொன்று ஏற்றது.

அப்புறம் பாதுகாப்பு. கார்டை வாங்கியதும் உங்கள் பெயர், முகவரி, பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் அல்லது அவர்கள் ஏற்கும் வேறு அடையாள எண் கொடுத்துப் பதிவுசெய்து சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. பதிவான கார்டு தொலைந்து, தெரிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால், திருட்டுச் செலவில் உங்கள் பொறுப்பு 50 டாலரோடு நிற்கும். தாமதித்தால் 500 வரை போகலாம். தெரியாத செலவு வந்திருக்கிறது என்று புகார் கொடுத்தால் பொதுவாக 10 வேலை நாட்களில் விசாரித்து முடிக்க வேண்டும், முடியாவிட்டால் தற்காலிகமாகப் பணத்தைத் திருப்பி வைத்துவிட்டு விசாரணையைத் தொடர வேண்டும். சரிபார்க்காத கார்டுக்கு இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

என் இரண்டாவது கார்டு ஒருமுறை அடையாளச் சரிபார்ப்பு என்று முடக்கப்பட்டது. ஆவணங்களை அனுப்பினேன், கிடைக்கவில்லை என்று திரும்பக் கேட்டார்கள். வாடகை நாளில் சம்பளம் முழுவதும் உள்ளே மாட்டிக்கொண்டது. அந்தச் சில நாட்கள் எப்படிப் போகும் என்று வங்கிக் கணக்கோடு வளர்ந்தவர்களுக்குப் புரியவைப்பது கடினம். இது தனி ஒருவரின் துரதிர்ஷ்டமும் இல்லை. 2015 அக்டோபரில் ரஷ்கார்டு என்ற ப்ரீபெய்டு கார்டு, கணினி அமைப்பு மாற்றத்தின்போது முடங்கி, பல்லாயிரம் பேர் தங்கள் பணத்தையே தொட முடியாமல் தவித்தார்கள். 2017-ல் அந்த நிறுவனமும் மாஸ்டர்கார்டும் 1.3 கோடி டாலர் கட்ட உத்தரவானது, அதில் ஒரு கோடி வாடிக்கையாளர்களுக்கு இழப்பீடு. எனவே சம்பளம் ஒரு கார்டில் வந்தாலும், வாடகைப் பணத்தை வேறொரு இடத்தில் வையுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கார்டில் உள்ள பணத்துக்கு எஃப்டிஐசி காப்பீடு (வங்கி டெபாசிட்டுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) உண்டா என்றும் உறையில் பாருங்கள். அந்தக் காப்பீடு வங்கி மூழ்கினால் உதவும். நடுவில் இருக்கும் தொழில்நுட்ப நிறுவனம் மூழ்கினால் கைகொடுக்காது என்பதை 2024-ல் அப்படிப்பட்ட சினாப்ஸ் என்ற நிறுவனம் திவாலானபோது பலர் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள்.

எத்தனை வருடம் ஒழுங்காகப் பயன்படுத்தினாலும் ப்ரீபெய்டு கார்டு கிரெடிட் ஸ்கோரைக் கட்டாது. கடன் வாங்கவில்லையே, அதனால் கடன் பதிவுகளை வைத்திருக்கும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் யாருக்கும் எதுவும் போகாது. "கிரெடிட் வளர்க்கும் கார்டு" என்று யாராவது சாதாரண ப்ரீபெய்டு கார்டை விற்றால் நம்ப வேண்டாம். அதற்கு செக்யூர்டு கிரெடிட் கார்டுதான் வழி. டெபாசிட் கட்டி, சிறிதாகச் செலவழித்து, மாதாமாதம் முழுதாகக் கட்ட வேண்டும்.

முகவரிச் சான்று கிடைத்ததும் நான் பேங்க் ஆன் (குறைந்த செலவு வங்கிக் கணக்குகளுக்கான திட்டம்) சான்று பெற்ற ஒரு கணக்குக்கு மாறினேன். இந்தக் கணக்குகளில் இருப்பை மீறிச் செலவழித்தால் விழும் ஓவர்டிராஃப்ட் கட்டணம் கிடையாது, மாதக் கட்டணமும் குறைவுதான். பழைய கணக்குப் பிரச்சினையால், வங்கிகள் கணக்குத் திறக்குமுன் பார்க்கும் செக்ஸிஸ்டம்ஸ் பதிவில் பெயர் உள்ளவர்களும் இங்கே கேட்டுப் பார்க்கலாம், பல வங்கிகள் இந்தக் கணக்குக்கு அதைப் பெரிதாக எடுப்பதில்லை. மாறும்போது அவசரப்பட்டுக் கார்டை மூடாதீர்கள். முதல் சம்பளம் புதுக் கணக்கில் விழுந்த பிறகு, கார்டில் இருப்பதைக் கடைசிச் சென்ட் வரை செலவழித்துவிட்டு, போன் செய்து மூடச் சொல்லுங்கள். மீதியைச் செக்காக அனுப்பச் சில கார்டுகள் தனிக் கட்டணம் பிடிக்கும், சும்மா விட்டால் இன்ஆக்டிவிட்டி கட்டணம் மாதாமாதம் கரைக்கும்.