மல்ச்சிங் பிளேடு வாங்கலாமா? பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அனுபவம்

புல் வெட்டும் மெஷினுக்கு மல்ச்சிங் பிளேடு, அதாவது வெட்டிய புல்லைத் தூளாக்கித் தரையிலேயே விடும் பிளேடு, வாங்கலாம். ஆனால் பழைய பிளேடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இந்த ஊர் மழைக்கு இரண்டும் வேண்டும்.

எங்கள் வீடு மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் ஒரு கார்னர் லாட், அதாவது வரிசையின் மூலை வீடு. பக்கவாட்டில் முழுக்க கவ் கிராஸ் (அகன்ற இலைப் புல்), மூலையில் மாமரம், வேலியை ஒட்டித் திறந்த லொங்காங் (வடிகால்). மெஷின் 21 அங்குல பெட்ரோல், தள்ளிக்கொண்டு போகிற வகை. நம் தாமான்களில் (குடியிருப்புகளில்) பெரும்பாலும் தோளில் மாட்டும் மெஷினை வைத்துத்தான் வெட்டுகிறார்கள், வெட்டியதைப் பையில் கட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள், அந்தப் பை மழையில் நனைந்து மடிப்பிலெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடக்கும், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். பக்கவாட்டில் புல்லைத் துப்பும் மெஷின் என்றால் பாதி லொங்காங்குக்குள் போய்விடும். இந்த இரண்டு தொல்லையும் வேண்டாம் என்றுதான் மல்ச்சிங் பக்கம் போனேன்.

சாதாரண பிளேடின் வால் பகுதி மேல்நோக்கித் தூக்கியிருக்கும். அது சுற்றும்போது எழும் காற்று புல்லை நிமிர்த்தி, வெட்டியதை வெளியே வீசிவிடும். மல்ச்சிங் பிளேடு அலை அலையாக வளைந்திருக்கும், வெட்டும் விளிம்பு நீளம், வீசும் காற்று குறைவு. வெட்டிய புல் டெக்குக்குள்ளேயே (பிளேடை மூடியிருக்கும் தகட்டுக் கூடு) சுழன்று, திரும்பத் திரும்ப அடிபட்டு, தூளாகி அடியில் விழும். அதற்கு அது உள்ளே இருந்தாக வேண்டுமே! பிளேடை மட்டும் மாற்றிவிட்டு வெளியேறும் வாயைத் திறந்தே வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன், அது வீண் செலவு. அந்த வாயை அடைக்கும் மல்ச்சிங் மூடியையும் சேர்த்து வாங்குங்கள். உங்கள் மாடலுக்கு மூடியே கிடைக்காது என்றால் பிளேடும் வேண்டாம் என்பேன்.

அப்புறம் டெக்கின் உயரம். பை மாட்டியோ வெளியே வீசியோ வெட்டும்போது முன்பக்கம் ஒரு நூல் தாழ்ந்திருப்பது நல்லது. மல்ச்சிங்கிற்கு நான் முன்னும் பின்னும் சமமாக வைக்கிறேன். அளப்பதை டெக்கின் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள், தகடு வளைந்திருக்கலாம். சிமெண்ட் தரையில் மெஷினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பிளேடின் நுனியிலிருந்து தரைக்கு அளக்க வேண்டும். முன்னால் ஒரு தடவை, பிளேடைக் கையால் திருப்பிப் பின்னால் ஒரு தடவை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கவ் கிராஸை 5 சென்டிமீட்டரில் வைத்திருக்கிறேன். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது பழைய விதி, அதாவது 7.5 சென்டிமீட்டர் வளர்வதற்குள் வெட்டிவிட வேண்டும். மல்ச்சிங் செய்கிறவர் இதில் ஏமாற்றவே முடியாது. மிக்ஸி ஜாரில் தேங்காயை வழிய வழியப் போட்டால் அடியில் மட்டும் அரைபட்டு மேலே அப்படியே நிற்குமே, வளர்ந்த புல்லில் டெக்கின் கதியும் அதுதான். விட்டுப்போய் வளர்ந்துவிட்டால் முதலில் உயர்த்தி வைத்து ஒரு வெட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து இறக்கி ஒரு வெட்டு. எஞ்சின் முழு வேகத்தில் ஓட வேண்டும், நடை மெதுவாக இருக்க வேண்டும்.

பினாங்குப் பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் வெயில் காயும்போது மல்ச்சிங் அருமை. மாமரத்தின் காய்ந்த சருகுகூடப் பொடியாகி மறைந்துவிடுகிறது (தென்னை மட்டையை மட்டும் முதலில் பொறுக்கிவிடுங்கள்). வெட்டிய புல் மண்ணில் மக்கினால் புல்தரைக்கு வேண்டிய தழைச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு திரும்பக் கிடைக்கும் என்று சொல்வார்கள். என் கண்ணுக்குத் தெரிவது பச்சை நிறம், உரப்பை வாங்குவதும் குறைந்திருக்கிறது. செப்டம்பர், அக்டோபர் வந்துவிட்டால் கதை வேறு. காலையில் வெட்டலாம் என்றால் புல் ஈரம், மாலையில் மழை. ஈரப்புல் தூளாகாது, கட்டி கட்டியாக விழும், அந்தக் கட்டிக்கு அடியில் புல் மஞ்சளாகிவிடும். அந்த இரண்டு மாதமும் பழைய பிளேடும் பையும்தான்.

டெக்கின் அடியைச் சுரண்டுவதுதான் உண்மையான வேலை. மல்ச்சிங்கில் பச்சைப் பசை சீக்கிரம் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் பலகை மாதிரி ஆகிவிடும், உள்ளே புல் சுழல இடமிருக்காது. நான் வெட்டி முடித்த கையோடு மரத்துண்டால் சுரண்டிவிடுவேன். சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் எண்ணெய் அதற்குள் இறங்கி, அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது தெருவே புகையாகிவிடும்.

தீட்டுவதும் சாதாரண பிளேடைவிடக் கொஞ்சம் பொறுமை கேட்கும், ஏனென்றால் விளிம்பு வளைந்து போகிறது. கிரைண்டரைவிட அரம் நல்லது. வெட்டிய புல்லின் நுனி கிழிந்து வெளுத்திருந்தால் தீட்டும் நேரம் வந்துவிட்டது. தீட்டியபின் நடுத்துளையைச் சுவரிலுள்ள ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் இறங்கினால் அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் அரம் போட வேண்டும்.

ஹார்ட்வேர் கடைக்குப் போகும்போது பழைய பிளேடைக் கையோடு கொண்டு போங்கள். "21 அங்குலம்" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் எதையாவது எடுத்து நீட்டுவார். நடுத்துளை வட்டமா நட்சத்திரமா என்பதும், மூலைக்கு மூலை நீளமும் ஒத்துப்போக வேண்டும். வாஷரை வைத்து ஒப்பேற்றலாம் என்று யாராவது சொன்னால் பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.