டேஷ்கேமுக்குப் ‘போலரைசர்’ என்று சொல்லி வெறும் கருப்புக் கண்ணாடியை ஒட்டிவிட்டார்கள்

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி பக்கம் கார் வைத்திருந்து, டேஷ்போர்டு கேமராவுக்கு, முன்கண்ணாடிப் பிம்பத்தை மங்கச் செய்யும் போலரைசிங் ஃபில்டர் (போலரைசர்) பொருத்த நினைப்பவர்கள், கடையில் பணத்தைக் கொடுக்கும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்குப் போனது 1,800 ரூபாய் மட்டுமன்று. எந்த ஒரு நாளுக்காகக் கேமரா வாங்கினேனோ அந்த நாளில் அது எனக்கு உதவவில்லை.

எண்ணூர் விரைவுச் சாலையில் தினமும் போய்வருகிறவன் நான். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் நெருக்கியடித்துக்கொண்டு போகும் அந்தச் சாலையில், உரசிவிட்டு நிற்காமல் போகும் வண்டியின் எண்ணைப் பிடிக்க வேறு வழியில்லை என்றுதான் கேமரா வாங்கினேன். பகலில் ஒரே ஒரு குறை இருந்தது. கடல் பக்கமிருந்து ஏறும் காலை வெயில் டேஷ்போர்டில் விழுந்து, அதன் பிம்பம் முன்கண்ணாடியில் தெரிய, ஏ.சி. துவாரங்களும் மேலே வைத்திருந்த பிள்ளையாரும் சாலைக்கு நடுவே மிதப்பது போலப் பதிவாயின.

இதை நீக்கத்தான் அந்த ஃபில்டர். கண்ணாடியில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வு பெரும்பாலும் ஒரே திசையில் அமைந்துவிடுகிறது; ஏறத்தாழ 56 பாகைக் கோணத்தில் படும்போது இது மிக அதிகம். அந்தத் திசைக்குக் குறுக்காக ஃபில்டரைத் திருகி நிறுத்தினால் பிம்பம் மங்கி, சாலை தெளிவாகத் தெரியும். தவறான கோணத்தில் நின்றால், அசல் ஃபில்டரே ஆனாலும் பயனில்லை.

நான் போன கார் அலங்காரக் கடையில் மாலை ஆறரை மணிக்கு, டியூப் லைட் வெளிச்சத்தில், ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். “திருகுற மாடல்லாம் வண்டி ஆட்டத்துல கழண்டுடும் சார், ஒரு சொட்டு கம் போட்டாத்தான் நிக்கும்” என்று சொல்லி, உடனே பிடிக்கும் பசையை லென்ஸைச் சுற்றி விட்டு ஒட்டினார் வேலை செய்தவர். எந்தக் கோணத்தில் ஒட்டுகிறோம் என்று அவர் பார்க்கவும் இல்லை; வெயில் இல்லாத நேரத்தில் பார்த்திருக்கவும் முடியாது. பில் கேட்டதற்கு, ‘ஃபில்டர் 1,800’ என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் காலைப் பதிவில் பிள்ளையார் அதே இடத்தில் இருந்தார். படம் முழுவதும் இருட்டியிருந்தது, அவ்வளவுதான். தொலைபேசியில் கேட்டபோது, “ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க சார், செட் ஆயிடும்” என்றார்கள். ஒட்டிவிட்ட கண்ணாடி எப்படித் தானாகச் சரியாகும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து, இரவு ஒன்பதரை மணியளவில், திருவொற்றியூர் அருகே ஒரு ட்ரெய்லர் இடப்பக்கக் கதவு இரண்டையும் கீறிக்கொண்டு முந்திச் சென்றது. வீட்டில் மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தபோது, அதன் பின்விளக்குகள் இரண்டும் பனிமூட்டத்தில் எரிவது போல ஊதிப்போய்த் தெரிந்தன. எண் பலகை இருந்த இடத்தில் ஒரு சாம்பல் பட்டை. புகாரில் எழுத ஓர் எண்கூட இல்லாததால் என் காப்பீட்டிலேயே செலவை ஏற்க வேண்டியதாயிற்று. நோ கிளெய்ம் போனஸும் போயிற்று.

ஃபில்டரை நெம்பி எடுத்தபோதுதான் காரணம் தெரிந்தது. கடலோர வீட்டுச் சுவரில் உப்புப் பூத்தது போல, லென்ஸின் விளிம்பைச் சுற்றி வெண்ணிறமாகப் படிந்திருந்தது. அந்த வகைப் பசை காயும்போது எழும் ஆவி பக்கத்துக் கண்ணாடியில் இப்படித்தான் வெள்ளையாகப் படியும். எடுத்த ஃபில்டரை மகளின் கால்குலேட்டர் திரை மேல் பிடித்து முழுச் சுற்றுத் திருப்பினேன். எண்கள் கொஞ்சமும் மாறவில்லை. கல்யாண ஃபோட்டோ எடுக்கும் என் மச்சானின் போலரைசரை வாங்கி அதே இடத்தில் திருப்பினேன். கால் சுற்றில் திரை முழுவதும் கறுத்தது. கடையில் கொடுத்தது வெறும் நிறமேற்றிய கண்ணாடி.

இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்யலாம். கேமராவில் பொருந்தும் பக்கம் உங்கள் கண்ணை நோக்கியிருக்கும்படி பிடித்து, கால்குலேட்டரையோ லேப்டாப் திரையையோ அதன் வழியே பார்த்துக்கொண்டே திருப்புங்கள், கறுக்காவிட்டால் வாங்காதீர்கள். சில கைபேசித் திரைகள் எந்தக் கோணத்திலும் கறுக்காமல் இருக்கும் என்பதால் கைபேசியை நம்ப வேண்டாம். வேலையை நல்ல வெயிலில் செய்யச் சொல்லுங்கள். டேஷ்போர்டில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, கேமராவின் நேரலைப் படத்தைப் பார்த்துக்கொண்டே திருகி, தாளின் பிம்பம் மங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். பசையை லென்ஸின் அருகில்கூட வர விடாதீர்கள். அசல் போலரைசரும் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கும். ஆகவே இரவில் அதிகம் ஓட்டுபவர்கள் கழற்றி மாட்டும் வகையையே கேளுங்கள். இதைக் கடைக்காரர் எனக்குச் சொல்லவே இல்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

பசை பட்டதைக் காட்டி, கேமராவுக்கு வாரன்டி இல்லை என்று கேமரா நிறுவனத்தார் சொல்லிவிட்டார்கள். கடையில் பாதிப் பணம் தருவதாகச் சொன்னதை நான் ஏற்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன்; நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. துண்டுச் சீட்டையும், உப்புப் பூத்த லென்ஸின் படத்தையும், அந்தக் கண்ணாடியையும் ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.